சுறாவின் வாலும் அதன் கீழ்மடலின் விலையும்

மீன் வாங்கச் செல்பவர்கள் முதலில் பூவைத் தூக்கிப் பார்ப்பது வழக்கம். பூ சிவந்திருந்தால் மீன் புதியது. வெளிறியிருந்தால் விலை பேசாமலே அடுத்த கூடைக்கு நகர்ந்துவிடுவர். வாலை எவரும் பார்ப்பதில்லை. வெட்டும்போது பூனைக்கோ காகத்துக்கோ எறியப்படும் பகுதி அது. ஆயினும் ஊர்காவற்றுறையிலும் நயினாதீவிலும் நெடுந்தீவிலும் கரைசேரும் உயிரினங்களுள் ஒன்றின் வாலுக்குத் தனியான விலை உண்டு; அந்த வாலைத் தொட்டுச் செல்லும் தனியான சட்டங்களும் உண்டு. அதுவே சுறா. அங்கும் முழு வாலுக்கும் அந்த விலை இல்லை. வாலின் கீழ்ப்பகுதிக்கே சந்தையில் மதிப்பு. மேற்பகுதி ஏறக்குறையக் கழிவாகவே கொள்ளப்படுகின்றது. இந்த வேறுபாட்டை உண்டாக்கியவர் வியாபாரி அல்லர். சுறாவின் உடலமைப்பே இதற்குக் காரணம்.

இதனை விளங்கிக்கொள்ள ஆய்வுகூடம் வேண்டியதில்லை. ஓர் அரிவாளும் இரண்டு மீன்களும் போதும். ஓர் அறுக்குளாவின் வாலையும் ஒரு பால் சுறாவின் வாலையும் அருகருகே வைத்துப் பார்ப்போம். அறுக்குளாவின் வால் பிறைபோல் மேலும் கீழும் ஒரே அளவாக விரிந்திருக்கும். சுறாவின் வாலில் மேல்மடல் நீண்டும் கீழ்மடல் குறுகியும் இருக்கும். மேல்மடலின் நுனிக்குச் சற்று முன்னால், கீழ் ஓரத்தில், கத்தியால் கீறியது போன்ற ஒரு வெட்டு இருக்கும். வால் தொடங்கும் இடத்தில், முதுகுப்பக்கமாக, விரல்நுனி அளவான ஒரு சிறு பள்ளமும் காணப்படும். இவை காயங்கள் அல்ல. அந்தச் சுறாக் குடும்பத்தின் அடையாளங்கள்.

இனி இரண்டு வால்களையும் நெடுக்காகப் பிளந்து பார்க்க வேண்டும். அறுக்குளாவின் முள்ளந்தண்டு வாலின் அடியிலேயே முடிந்துவிடுகின்றது. அதன் கடைசி எலும்புகள் விசிறிபோல் தகடாகி நிற்க, அவற்றிலிருந்து செட்டைக் கதிர்கள் புறப்படுகின்றன. சுறாவின் முள்ளந்தண்டோ முடிவதில்லை. அது மேல்நோக்கி வளைந்து மேல்மடலின் நுனிவரை செல்கின்றது. மேல்மடல் என்பது உண்மையில் உடலின் தொடர்ச்சியேயாகும். தசையும் முள்ளந்தண்டும் அதற்குள் இருக்கின்றன. கீழ்மடலில் முள்ளந்தண்டு இல்லை. அது தோலுக்கிடையில் நெருங்கி அடுக்கப்பட்ட மெல்லிய நார்களாலான செட்டை மாத்திரமே. விலையின் இரகசியம் இங்கேதான் இருக்கின்றது. அதற்குப் பின்னர் வருவோம்.

பால் சுறா என்று நம்மவர் அழைக்கும் சிறிய சுறாக்களுள் ஒன்று விலங்கியலில் ஸ்கொலியோடன் எனப்படுகின்றது. குழந்தை பெற்ற தாய்மாருக்குப் பால் சுரக்கும் என்று வறை செய்து கொடுக்கப்படும் மீன் இது. பேர்லினில் பணியாற்றிய முல்லர், ஹென்லே என்னும் இருவர் 1838 இல் இதற்கு இட்ட இனப்பெயரின் இலத்தீன் பொருள் 'அகன்ற வாலுடையது' என்பதாகும். இந்தியத் துணைக்கண்டத்தின் கல்லூரிகளில் விலங்கியல் கற்ற பல தலைமுறை மாணவர்கள் வெட்டிப் படித்த சுறா இதுவே. அவர்களுக்கு வழிகாட்டியாக அமைந்த நூலை எழுதியவர் ஒரு தமிழ்ப் பெண்மணி என்பது இன்று பலருக்குத் தெரியாது. லக்னோ இசபெல்லா தோபர்ன் கல்லூரியில் விலங்கியல் கற்பித்த ஈவாஞ்சலின் தில்லையம்பலம், இந்தியக் கடல்களின் சுறாவான ஸ்கொலியோடனைப் பற்றி 1928 இல் ஒரு தனிநூல் வெளியிட்டார். இந்திய விலங்குகளை ஒவ்வொன்றாக விரித்துரைக்க லக்னோவிலிருந்து வெளிவந்த ஆய்வேட்டு வரிசையில் அது இடம்பெற்றது. ஐரோப்பியக் கடல்களின் நாய்மீனைப் படித்துத் தேர்வெழுதிய காலம் அத்துடன் மாறத்தொடங்கியது. அவர் பின்னர் யாழ்ப்பாணம் சுண்டுக்குளி மகளிர் கல்லூரியின் அதிபராகவும் விளங்கினார். சுறாவைப் பற்றிய ஆழ்ந்த அறிவு எங்கோ தொலைவிலிருந்து வரவேண்டிய ஒன்று என்று எண்ணுபவர்கள் இதனை மனங்கொள்ளுதல் நன்று.

மேல்மடல் நீண்ட வாலைச் சமனிலா வால் என்றும், மேலும் கீழும் ஒத்த வாலைச் சமவால் என்றும் கூறலாம். இப்பாகுபாட்டை முதலில் தெளிவாக வகுத்தவர் சுவிற்சர்லாந்து நாட்டினரான லூயி அகாசி. 1833 முதல் 1843 வரை அவர் வெளியிட்ட, உயிர்ச்சுவடு மீன்கள் பற்றிய பெருநூலில், மிகப் பழைய பாறைகளில் கிடைக்கும் மீன்கள் சமனிலா வால் உடையனவாகவும் பிற்காலப் பாறைகளில் சமவால் பெருகுவதாகவும் சுட்டிக்காட்டினார். இதிலிருந்து சுறாவின் வால் பழமையானது, ஆகவே குறைபாடுடையது என்று சிலர் முடிவுகட்டினர். அது தவறு. பழமையானது என்பது உண்மை. குறைபாடுடையது என்பதற்குச் சான்று இல்லை. அதற்கு மாறாக, சமவால் எனப்படும் வாலும் முழுமையாகச் சமமானது அன்று. என்பு மீனின் குஞ்சு முட்டையிலிருந்து வெளிவந்து வளரும் நாட்களில் அதன் முள்ளந்தண்டின் நுனி சுறாவினுடையதைப் போலவே மேல்நோக்கி வளைகின்றது. பின்னர் அதன் கீழே எலும்புத் தகடுகள் வளர்ந்து நிரவிவிடுவதால் வெளித்தோற்றத்தில் வால் சமமாகத் தெரிகின்றது. வளர்ந்த மீனிலும் அந்த வளைவின் எச்சம் உள்ளே இருக்கின்றது. வேகவைத்த மீனின் வாலடியைக் கவனமாகப் பிரித்தெடுத்தால் அதனைக் கண்ணால் காணலாம்.

தீவகத்துக் கடல் ஆழங்குறைந்தது. பாக்கு நீரிணையும் பாக்கு விரிகுடாவும் பெரும்பாலும் பதினைந்து மீற்றருக்கு உட்பட்ட ஆழமுடையவை. சாதாழை வளர்ந்த படுக்கைகளும் பார்களும் மணற்றிட்டுகளும் கலந்து கிடக்கும் இக்கடலில் எத்தனையோ வகை வால்களைக் காணலாம். பாருக்குள் பதுங்கியிருந்து இரை வந்ததும் பாயும் கலவாய்க்கு வட்டமான அகன்ற வால். நெடுந்தூரம் ஓடுவதற்கு அது உதவாது. நின்ற இடத்திலிருந்து ஒரே உதைப்பில் பாய்வதற்கு அதைவிடச் சிறந்தது இல்லை. ஓடிக்கொண்டே வாழும் பாரைக்கும் சூரைக்கும் வாலடி ஒடுங்கியும் வால் ஆழமாகக் கவர்பட்டும் இருக்கும். சூரையின் வாலடியில் இரு பக்கமும் தடித்த விளிம்புகள் உள்ளன. வால் பக்கவாட்டில் வீசும்போது நீரை வெட்டிச்செல்ல அவை உதவுகின்றன. முரலின் வாலிலோ சுறாவுக்கு நேரெதிராகக் கீழ்மடல் நீண்டது. நீர்ப்பரப்பின்மேல் துள்ளியோடும் மீனுக்கு உடல் முழுவதும் வெளியே வந்த பின்னரும் நீருக்குள் நின்று உதைப்பதற்கு ஓர் உறுப்பு வேண்டும். அதன் உறவான பறவைமீனில் இந்த அமைப்பு உச்சநிலையை அடைந்திருக்கின்றது. அது எழும்பும்போது கீழ்மடல் மாத்திரம் நீருக்குள் நின்று ஒரு செக்கனில் ஐம்பது தடவைக்கு மேல் வீசுவதாக அளந்திருக்கின்றார்கள்.

வாற்செட்டையே இல்லாத மீன்களும் இங்கு உண்டு. சாவாளையின் வால் நூல்போல் ஒடுங்கி முடிந்துவிடும். சாதாழைக்குள் வாழும் கடற்குதிரையின் வால் நீந்தும் உறுப்பாக இல்லாமல் பற்றிப் பிடிக்கும் கையாக மாறிவிட்டது. திருக்கையைப் பற்றி நம்மவருக்குச் சொல்லத் தேவையில்லை. அந்த வாலின் பயன் கடலில் எதுவாயிருந்தாலும், ஒரு காலத்தில் யாழ்ப்பாணத்துப் பிள்ளைகள் அதனைச் சவுக்காகவே அறிந்திருந்தனர். பெருஞ்செட்டைகளை அலைபோல் அசைத்து நீந்தும் கொட்டுந்திருக்கைக்கு உந்துவதற்கு வால் வேண்டியதில்லை. எனவே அது மெலிந்து, முள்ளைத் தாங்கும் காவற் கருவியாயிற்று. அந்த முள் இருக்குமிடம் வாலின் நுனி அன்று. வாலின் மேற்பக்கம் என்பதைக் கரைவலை இழுப்பவர்கள் நன்கு அறிவர்.

சுறாவுக்கு ஏன் மேல்மடல் நீண்டது என்பது நீண்டகாலம் விவாதிக்கப்பட்ட வினாவாகும். என்பு மீன்கள் பலவற்றுக்கு வயிற்றுக்குள் காற்றுப்பை உண்டு. அதனால் அவை நீரில் மிதந்தபடி ஓரிடத்தில் நிற்க முடியும். சுறாவுக்குக் காற்றுப்பை இல்லை. எண்ணெய் நிறைந்த பெரிய ஈரல் அதன் பாரத்தை ஓரளவு குறைத்தாலும் (அந்த எண்ணெயைத்தான் முன்னாளில் மரக்கலங்களுக்குப் பூசினார்கள்) பெரும்பாலான சுறாக்கள் நீரைவிடப் பாரமானவையே. நீந்துவதை நிறுத்தினால் அவை மெல்லக் கீழே செல்லும். ஆகவே சுறாவின் வாலுக்கு இரட்டை வேலை இருக்கின்றது. முன்னே தள்ளவும் வேண்டும், மேலே தாங்கவும் வேண்டும்.

வால் வீசப்படும்போது முள்ளந்தண்டைக் கொண்ட உறுதியான மேல்மடல் முன்னே செல்ல, நெகிழ்ச்சியான கீழ்மடல் சற்றுப் பின்தங்கித் தொடர்கின்றது. வாலின் பரப்பு இதனாற் சரிந்து, நீரைப் பின்னோக்கியும் கீழ்நோக்கியும் தள்ளுகின்றது. நீர் கீழே தள்ளப்பட்டால் வால் மேலே உயரும். படகின் வெளியிணைப்பு இயந்திரத்தை உட்பக்கமாகச் சரித்துப் பூட்டி ஓட்டியவர்களுக்கு அடுத்து நிகழ்வது தெரியும்: பின்புறம் உயர்ந்து அணியம் தாழும். சுறாவின் தலையும் அவ்வாறு தாழவேண்டும். ஆனால் தாழ்வதில்லை. தட்டையான அடிப்பக்கமுடைய தலையும், விமானத்தின் இறக்கைகள் போன்ற நெஞ்சுச் செட்டைகளும் முன்புறத்தைத் தாங்குவதே காரணம் எனப் பாடநூல்கள் கூறின. இவ்விளக்கத்தை மறுத்தவர்களும் இருந்தனர். வாலின் உந்துவிசை உடலின் பாரமையத்தினூடாகவே செல்கின்றது. வால் மேலே தூக்குவதில்லை என்று அவர்கள் வாதிட்டனர்.

விவாதம் தீர்ந்தது நீரைக் காணக்கூடியதாக்கிய பின்னர்தான். ஐக்கிய அமெரிக்காவில் செரில் வில்கா, ஜோர்ஜ் லோடர் ஆகிய இருவரும் நுண்துணிக்கைகள் கலந்த நீரில் சுறாக்களை நீந்தவிட்டு, லேசர் ஒளியில் அத்துணிக்கைகளின் ஓட்டத்தைப் படம்பிடித்தனர். 2002 இல் அவர்கள் வெளியிட்ட முடிவுகள், வால் நீரைப் பின்னோக்கியும் கீழ்நோக்கியும் தள்ளுகின்றது என்ற பழைய விளக்கத்தை உறுதிப்படுத்தின. ஆனால் நெஞ்சுச் செட்டைகளைப் பற்றிய பழைய கருத்து அவ்வாறு தப்பவில்லை. நேராக நீந்தும்போது அவை தூக்குவது மிகச் சொற்பம். உடலையே சற்றுச் சாய்த்து வைத்துக்கொள்வதன் மூலம்தான் சுறா தலையைத் தாங்குகின்றது. மேலேறவும் கீழிறங்கவும் திரும்பும் வேளையிலேயே அச்செட்டைகள் பெரிதும் உதவுகின்றன என்று அவர்கள் கண்டனர். 2011 இல் புரூக் பிளமாங் என்பவரும் லோடர் குழுவினரும் இன்னுமொரு படி முன்சென்றனர். என்பு மீனின் வால் ஒவ்வொரு வீச்சிலும் ஒரு நீர்ச்சுழி வளையத்தை விட்டுச்செல்ல, சுறாவின் வால் ஒன்றுக்குள் ஒன்றாகப் பிணைந்த இரண்டு வளையங்களை விட்டுச்செல்கின்றது. வீச்சின் நடுவே வாலுக்குள் உள்ள ஒரு தசை இறுகி வாலை விறைக்கச் செய்வதால் இது நிகழ்வதாக அவர்கள் கருதினர். பழமையானது, குறைபாடுடையது என்று ஒதுக்கப்பட்ட வாலுக்குள் இத்தனை இருக்கின்றது.

சுறாக்களுக்குள்ளும் வால்கள் ஒரே மாதிரியானவை அல்ல. அடிக்கடலில் பார்களுக்கிடையே ஊர்ந்து திரியும் சிறு சுறாக்களில் வால் உடலின் கோட்டிலேயே தாழ்ந்து கிடக்கும்; கீழ்மடல் என்று சொல்ல ஒன்றும் இராது. ஆழ்கடலில் சூரையைத் துரத்தி வாழும் சுறாக்களில் கீழ்மடல் வளர்ந்து வால் ஏறக்குறையப் பிறையாகிவிடுகின்றது. சூரையும் அச்சுறாவும் உறவினர் அல்ல. ஒரே தொழில் இரண்டுக்கும் ஒரே வாலைக் கொடுத்திருக்கின்றது. எல்லாவற்றிலும் வியப்பானது நீள்வாற் சுறா. இதன் மேல்மடல் உடலின் நீளத்துக்கு ஏறக்குறைய ஒத்தது. இந்த வாலால் அது மீன்களை அடிக்கின்றது என்று கடலோடிகள் கூறியதை நீண்டகாலம் கட்டுக்கதையாகவே கொண்டனர். பிலிப்பைன்ஸின் செபுத் தீவுக்கு அருகில் நீருக்கடியில் எடுக்கப்பட்ட படங்களைக் கொண்டு 2013 இல் வெளியான ஆய்வு, அச்சுறா கீரிமீன் கூட்டத்தினுள் வாலைத் தலைக்கு மேலாகச் சாட்டைபோல் வீசி, மயங்கி விழுந்தவற்றைத் திரும்பிவந்து உண்பதைக் காட்டியது. கடலோடிகள் கூறியது உண்மையாயிற்று.

இனி விலைக்கு வருவோம். சங்கு, கடலட்டை ஆகியவற்றைப்போல் சுறாச்செட்டையும் நம் கடலிலிருந்து வெளிநாடு செல்லும் பண்டமாகும். ஹொங்கொங்கிலும் சிங்கப்பூரிலும் அது சூப்பாகின்றது. சூப்பில் இடப்படுவது செட்டையின் தோலோ தசையோ அன்று. உள்ளே வரிசையாக அடுக்கப்பட்டிருக்கும் நார்களேயாகும். நகத்தைப்போல் ஒளி ஊடுருவும் இந்நார்கள் ஒருவகைப் புரதத்தாலானவை. அவித்தால் இடியப்ப இழைகள்போல் பிரியும். தமக்கென்று சுவை எதுவும் இல்லை. சுவை கோழிச்சாற்றிலிருந்து வருவது. என்பு மீனின் செட்டைக் கதிர்களோ கணுக்கணுவான எலும்புகள். ஆகவேதான் அறுக்குளாவின் வாலைக் கொண்டு எவரும் சூப் செய்வதில்லை.

சுறாவில் இந்நார்கள் மிகுந்துள்ள இடங்கள் முதுகுச் செட்டை, இரண்டு நெஞ்சுச் செட்டைகள், வாலின் கீழ்மடல் ஆகிய நான்கும் ஆகும். வணிகர்கள் இவற்றையே ஒரு தொகுதியாகக் கணக்கிடுகின்றனர். மேல்மடல் முள்ளந்தண்டும் தசையுமாக இருப்பதால் அதிலிருந்து பெறக்கூடிய நார் சொற்பம். எனவேதான் கீழ்மடல் வெட்டியெடுக்கப்பட்டு மேல்மடல் ஒதுக்கப்படுகின்றது. சுறாவைத் தாழாமல் தாங்குவதற்கு வளர்ந்த நெகிழ்ச்சியான அந்தப் பகுதியே அதன் உயிருக்கு விலையாகிவிட்டது. சில நாடுகளின் கலங்களில் செட்டைகளை அறுத்துக்கொண்டு உயிருள்ள சுறாவைக் கடலில் தள்ளிவிடும் வழக்கம் பரவியதற்கும் காரணம் இதுவே: இறைச்சிக்கு இடம் வேண்டும், செட்டைக்கு ஒரு சாக்குப் போதும். வாலற்ற சுறா நீந்த முடியாது. பல சுறா இனங்கள் நீந்தினாலன்றிப் பூக்களுக்கூடாகப் போதிய நீர் பாயாது என்பதால், வால் போனதும் மூச்சும் போகின்றது.

நம் தீவகத்தில் அவ்வழக்கத்துக்கு இடமிருக்கவில்லை என்று சொல்லலாம். இங்கே சுறாவின் இறைச்சியைக் கடலில் எறிபவன் பைத்தியக்காரனாகவே கருதப்படுவான். வறைக்கும் கருவாட்டுக்கும் அது வேண்டும். எனினும் சட்டம் எல்லோருக்கும் பொதுவானது. 1996 ஆம் ஆண்டின் கடற்றொழில், நீரியல் வளங்கள் சட்டத்தின் கீழ் 2001 இல் ஆக்கப்பட்ட ஒழுங்குவிதிகள், செட்டைகள் உடலோடு இணைந்திராத சுறாவைக் கரைசேர்ப்பதைத் தடைசெய்தன. இவ்விடயத்தில் இலங்கை முந்திக்கொண்டது என்றே கூறவேண்டும். ஐரோப்பிய ஒன்றியம் 2003 இல் கொண்டுவந்த விதி, செட்டைகளின் நிறை மீனின் நிறையில் 5 வீதத்துக்கு மேற்படலாகாது என்று நிறுக்கும் முறையை அனுமதித்தது. வாலில் எவ்வளவு வெட்டப்படுகின்றது என்பதைப் பொறுத்து அந்த வீதம் மாறிவிடும்; கீழ்மடலை மாத்திரம் வெட்டினால் ஒரு கணக்கு, முழு வாலையும் வெட்டினால் இன்னொரு கணக்கு. தராசை ஏமாற்ற இதைவிட வேறு வழி வேண்டுமா? ஒன்றியம் 2013 இலேயே செட்டைகள் உடலோடு இருக்கவேண்டும் என்ற விதிக்கு வந்து சேர்ந்தது.

அவ்விதியின் பயன் எண்ணிக்கையோடு முடிவதில்லை. வால் உடலோடு இருந்தால்தான் அது எந்த இனம் என்பதை இறங்குதுறையில் நின்றபடியே கூறமுடியும். நீள்வாற் சுறாவின் மூன்று இனங்களையும் பிடிப்பதை இலங்கை 2012 இல் தடைசெய்தது; இந்து சமுத்திர ரூனா ஆணைக்குழு 2010 இல் எடுத்த தீர்மானத்தை ஒட்டி வந்தது அத்தடை. தீவகத்தின் ஆழங்குறைந்த கடலில் இச்சுறாவை எதிர்பார்க்க முடியாது. ஆழ்கடல் செல்லும் பலநாட் கலங்களிலேயே அது அகப்படும். அதனை அடையாளங்காண நூல் எதுவும் வேண்டாம். உடலளவு நீண்ட வாலே போதும். அந்த வாலை வெட்டிவிட்டுக் கொண்டுவந்தால் அனுபவமில்லாத அதிகாரிக்கு அதுவும் ஒரு சுறாதான்.

நம் கடலுக்கு நெருக்கமான வழக்கு உழுவையினுடையது. சுறாவின் வாலும் திருக்கையின் தலையும் கொண்டதுபோல் தோன்றும் இம்மீன் திருக்கை இனத்தைச் சேர்ந்தது. மணலில் படுத்துக் கிடப்பது. எனவே இழுவைமடிக்குத் தப்புவது அரிது. உழுவையின் பெரிய இனங்களின் செட்டைகளும் வாலின் கீழ்மடலும் வணிகத்தில் மிக உயர்ந்த விலைக்குப் போகின்றன. சைட்டிஸ் எனப்படும் சர்வதேச சமவாயத்தின் 18 ஆவது மாநாடு 2019 மே மாதம் கொழும்பில் நடைபெறவிருந்து, உயிர்த்த ஞாயிறு குண்டுத்தாக்குதல்களின் பின்னர் ஓகஸ்டில் ஜெனீவாவில் கூடியது. உழுவை இனங்களின் வணிகத்தைக் கட்டுப்படுத்தும் பிரேரணையை முன்வைத்த நாடுகளுள் இலங்கையும் ஒன்று, பிரேரணை நிறைவேறியது. இதன் நெருங்கிய உறவான வேளாவோ அந்த நிலையைக் கடந்துவிட்டது. வாள்போன்ற மூக்கையுடைய அம்மீன் இலங்கைக் கடலில் காண்பதற்கே அரிதாகிவிட்டது.

இழுவைமடித் தொழிலை இலங்கை 2017 இல் சட்டத்தால் தடைசெய்தது. எனினும் எல்லை தாண்டி வரும் தமிழகத்து இழுவைப்படகுகளைப் பற்றிய முறைப்பாடு நெடுந்தீவிலும் அனலைதீவிலும் ஓயவில்லை. வலை அறுந்த கணக்கு ஒவ்வொரு முறையும் பேசப்படுகின்றது. அடிக்கடலைச் சுரண்டும் மடிக்குள் சிக்கும் உழுவைக் குட்டியையும் சுறாக் குட்டியையும் எவரும் கணக்கிடுவதில்லை. நாம் மாத்திரம் குற்றமற்றவர்கள் என்று சொல்வதற்கும் இல்லை. நம்மிடமும் தங்கூசி வலை இருக்கின்றது. வாலில் வலை சுற்றிய சுறா சற்று நேரத்தில் மூச்சடைத்து இறந்துவிடும்; விடியற்காலையில் வலை இழுக்கும்போது விடுவிக்க உயிர் இராது. ஓர் அறுக்குளா இலட்சக்கணக்கில் முட்டையிடும். பார்களை அண்டி வாழும் கருநுனிச் சுறா ஒரு முறையில் ஈனுவது இரண்டு முதல் ஐந்து குட்டிகளையே. முதலாவதைப் பிடிக்கும் கணக்கில் இரண்டாவதையும் பிடித்தால் என்னவாகும் என்பதற்கு உலகக் கணக்கு ஒன்று உண்டு: ஆழ்கடற் சுறாக்களும் திருக்கைகளும் 1970 முதல் 71 வீதத்தால் குறைந்துவிட்டன என 2021 இல் வெளியான ஆய்வு கூறுகின்றது.

தொண்ணூறுகளிலிருந்து 2009 வரை போரும் கடற்றடைகளும் தீவகத்து மீனவர்களைக் கரையோடு கட்டிவைத்தன. அவர்களிடம் இப்போது சுறாவைத் தொடாதே என்று சொல்வது நியாயமும் அன்று, நடக்கக்கூடியதும் அன்று. அடிக்கடற் சிறு சுறாக்கள் நின்ற இடத்திலேயே மூச்சுவிடக்கூடியவை. வலையில் நெடுநேரம் கிடந்தும் உயிரோடிருப்பது உண்டு. சந்தையில் கீழ்மடலுக்கு வழியில்லாத அவற்றையும், உயிரோடு வரும் உழுவைக் குட்டிகளையும் மீண்டும் கடலில் விடுவதால் வருமானம் பெரிதாகக் குறைந்துவிடாது. இறங்குதுறைகளில் சுறாக்களின் வால்களை அளந்து, படமெடுத்து, இனம் குறித்துவைக்கும் வேலையைத் தீவகப் பாடசாலைகளின் உயிரியல் மாணவர்களே செய்யலாம். யாழ்ப்பாணப் பல்கலைக்கழகமும் நாரா நிறுவனமும் அதற்கு வழிகாட்டினால், பாக்கு விரிகுடாவின் சுறாக்களைப் பற்றி நம்பத்தகுந்த பதிவேடு ஒன்று சில ஆண்டுகளில் நம் கையில் இருக்கும்.

அப்பதிவேடு வெறும் அறிவுக்காக மாத்திரம் வேண்டப்படுவதன்று. 2022 இல் பனாமாவில் கூடிய சைட்டிஸ் மாநாடு, கருநுனிச் சுறாவும் பால் சுறாவும் அடங்கிய குடும்பம் முழுவதையும் கட்டுப்பாட்டுப் பட்டியலில் சேர்த்தது; 2023 நவம்பர் முதல் அது நடைமுறைக்கு வந்தது. உள்ளூரில் விற்கவும் வறைக்கும் கருவாட்டுக்கும் கொள்ளவும் இதனால் தடை எதுவும் இல்லை. ஆனால் அவற்றின் செட்டையை ஏற்றுமதி செய்ய, அந்தப் பிடிப்பு அந்த இனத்தை அழிக்காது என்று காட்டும் சான்றும் அனுமதிப்பத்திரமும் வேண்டும். காய்ந்த கீழ்மடல் ஒன்றைக் கையில் வைத்துக்கொண்டு அது எந்தச் சுறாவினுடையது என்று கூறுவது வல்லுநருக்கே கடினம். அதே கீழ்மடல், மேல்மடலோடும் நுனி வெட்டோடும் வாலடிப் பள்ளத்தோடும் உடலில் ஒட்டியபடி ஊர்காவற்றுறைத் துறையில் கிடக்கும்போது, அதனைப் பிடித்தவரே பெயர் சொல்லிவிடுவார்.